அக்கா விட்ட வேலை

"'கடின உழைப்பாளி'ங்கிறதை முதல்ல அழி. ரெஸ்யூம்ல எல்லாரும் விடுற கதைதான் அது" என்று தம்பியின் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள் அக்கா. விளம்பர ஏஜென்சியில் அவள் விட்டுவிட்டு வந்த சோஷியல் மீடியா வேலைக்குத்தான் தம்பி விண்ணப்பிக்கிறான்.

"நல்ல வேலையை ஏன்க்கா விட்டே?"

"அது கிடக்கு. நீ எழுதினதை நாலு பேர் படிச்சாங்கங்கிறதுக்கு ஆதாரம் சொல்லு."

தம்பி தலையைச் சொறிந்தான். "பொய்ப் பேர்ல ஒரு ஐடி இருக்கு. ஒரு மெத்தை கம்பெனி என்ன போஸ்ட் போட்டாலும் கீழே போய்க் கலாய்ப்பேன். அவங்களுக்கு ஏழு லைக்னா என் கமென்ட்டுக்கு ஏழாயிரம்! பதில் சொல்லிக்கிட்டிருந்த ஆளைப் போன வாரத்திலேர்ந்து காணோம். துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடிட்டாங்க போல."

அக்காவின் விரல்கள் நின்றன. "ஐடி பேரு 'முதுகுவலி'யா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஓடினவ நான்தான்டா!"

லேப்டாப் தலையில் இறங்கப்போகிறது என்று தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான். அக்காவோ நிதானமாக ரெஸ்யூமை முடித்து, ஏஜென்சிக்கு அனுப்பியும் விட்டாள்.

"கண்டிப்பா எடுத்துக்குவாங்க. ஏஜென்சி பார்த்துக்கிற அந்த மெத்தை கம்பெனி பேஜ் இனி உன் பொறுப்புதான்" என்று சிரித்தாள். "இப்ப 'முதுகுவலி'யோட பாஸ்வேர்டைச் சொல்லு."