காலி மனையில் 'தனிமை'

"நைனா, நாளைக்கு மார்க் போட புரொபசர் வர்றாரு. என் சிலைய எங்க வெச்ச?"

"ரோட்டோரம் காலி மனையில நிக்குது. நாலு பேரு பாக்கட்டும்டா" என்றார் ஜெயவேலு.

அரிகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லூரியில் நவீனச் சிற்பம் படிக்கும் அவன், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையின் பழைய இரும்பை வெல்டிங் வைத்துச் சிலையாக்கி 'தனிமை' என்று பெயரிட்டபோது, "ஃபெயிலானா நம்ம சிமெண்ட் கடையில வந்து குந்திக்கோ" என்று சொன்ன அப்பாவா இவர்?

மறுநாள் புரொபசர் வந்தார். மனையெல்லாம் சேறு. ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கினார். சிற்பத்தை எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் படிப்பு. மூன்று தரம் சுற்றிவந்து, கண்ணை மூடி யோசித்தபடி நின்றார். இரும்புலியூரே கூடிவிட்டது.

"இன்னா சார் சொல்லுது?" என்று பயபக்தியோடு கேட்டாள் கூட்டத்தில் நின்ற பச்சையம்மா.

"கிட்ட வராதேன்னு சொல்றதும்மா" என்றார் புரொபசர்.

முதல் வகுப்பு மார்க் போட்டுவிட்டு அவர் தாம்பரத்தில் ரயிலேறுவதற்குள், சிலைக்கு மஞ்சளும் மாலையும் ஏறிவிட்டன.

"இன்னா நைனா இது? எக்ஸிபிஷனுக்கு நான் அத்த எடுத்துகினு போவணும். நம்ம மனையில வந்து கற்பூரம் ஏத்துறாங்க, நீ பாத்துகினு நிக்கிறே!"

ஜெயவேலு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நம்ம மனைன்னு எவன்டா சொன்னான்? அது புறம்போக்கு. இன்னிலேர்ந்து கோயில் எடம். நான்தான் தர்மகர்த்தா."

மகன் மாலையைக் கழற்றப் போனான்.

"பம்மல்ல இத்தவிடப் பெருசா ஒரு புறம்போக்கு சும்மா கீது" என்று அவன் தோளில் கைபோட்டார் ஜெயவேலு. "இதுல மேல்படிப்பு எதுனா இருந்தா சேந்துடு கண்ணு."