ரெய்ஸலுக்கு இடமில்லை

“ரெய்ஸலுக்கு அடுத்த வருஷம் இங்க இடம் இல்ல.”

தலைமையாசிரியை மிஸஸ் லிக்டிக் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

ரெய்ஸலின் அம்மா ஸிப்போராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இவ அக்கா ரெண்டு பேரும் இங்கதானே படிக்கிறாங்க? நம்ம ஜனங்களோட ஸ்கூல்ல இடம் இல்லன்னா எங்க போவா?”

“அரசாங்கப் பள்ளிக்கு.”

“யூதப் பொண்ண அங்க அனுப்பச் சொல்றீங்க. அதுவும் நீங்க!”

“ஒன்பது வயசாச்சு. ஒரு வரி படிக்கத் தெரியல. எங்களால முடியாது. கிளம்புங்க.”

படிக்கத் தெரியாது என்பது நிஜம்தான். காலைப் பிரார்த்தனை முழுவதையும் ரெய்ஸல் மனப்பாடமாக வைத்திருந்தாள். பக்கத்துப் பெண் பக்கம் திருப்பினால் இவளும் திருப்புவாள். எழுத்துகள் மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை.

போன குளிர்காலத்தில் பால்டிமோர் நகர அரசாங்கக் கல்வி அலுவலகத்திலிருந்து மிஸ் விட்லோ வந்து ரெய்ஸலைச் சோதித்து, எழுத்து பிடிபடாத குறை என்று கண்டாள். “மதப் பள்ளியில இருக்குற வரைக்கும் வாரத்துக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்புவோம். அதையும் உரிமைன்னு கேக்க முடியாது. எங்க அரசாங்கப் பள்ளிக்கு வந்தா தினம் ரெண்டு மணி நேரம் தனிப் பயிற்சி. கொடுக்கலன்னா எங்க மேல வழக்கே போடலாம்” என்றாள்.

ரெய்ஸலின் அப்பா ஸெலிக் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். “இவ அங்க போனா நாளைக்கு மூத்ததுங்களுக்கு நம்ம ஜனங்கள்ல யார் வரன் தருவா? அரை மணி நேரமே போதும்.”

அந்த அரை மணி நேரமும் மாடிப்படிக்குக் கீழே, கோட்டு மாட்டும் இடத்தில்தான் நடந்தது.

இப்போது அதுவும் போயிற்று. வேறு வழியில்லாமல் செப்டம்பரில் ரெய்ஸல் அரசாங்கப் பள்ளிக்குப் போனாள்.

தெருக்காரர்கள் மாறிப்போனார்கள். ஷப்பாத் ஓய்வுநாள் மதியங்களில் விளையாடக் கூப்பிட ஒரு பிள்ளையும் வரவில்லை. ரெய்ஸல் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டாள்: “அம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்?”

அந்தக் கேள்விதான் ஸிப்போராவை வீடு வீடாக ஏற வைத்தது. ஷப்பாத்துக்கான வியாழக்கிழமை சமையலில் கை ஈரமாக நின்ற பெண்களிடம், லிக்டிக்கை வேலையிலிருந்து எடுக்கக் கோரும் மனுவை நீட்டினாள்.

“குறையுள்ள குழந்தையைத் தெருவுல தள்ளினவ நம்ம பொண்ணுங்களுக்குத் தலைமையாசிரியையா? நாளைக்கு உங்க வீட்டுக்கும் இது வரும்.”

அறுபத்திரண்டு குடும்பங்கள் கையெழுத்துப் போட்டன.

பள்ளிக் குழு மிஸஸ் லிக்டிக்கைக் கூப்பிட்டு, ரெய்ஸலை ஏன் நீக்கினாய் என்று கேட்டது.

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.”

இருபத்தாறு வருஷ வேலை ஒரு சாயங்காலத்தில் போனது. தனி மனுஷி. பெட்டியைக் கட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போனாளோ, யாரும் விசாரிக்கவில்லை. ஸிப்போரா அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

வசந்தத்தில் புதிய தலைமையாசிரியரே போன் செய்தார். “ரெய்ஸலைத் திரும்பச் சேர்த்துக்கறோம். நடந்தது அநியாயம்.”

ஸெலிக்குக்குக் கண் கலங்கியது. “இப்பதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளே. இனிமே சமாளிச்சுக்குவா. போய் அரசாங்கப் பள்ளியிலேர்ந்து பேரை எடுக்க எழுதிக் கொடுத்துட்டு வா.”

மறுநாளே ஸிப்போரா கல்வி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். மிஸ் விட்லோ விலகல் படிவத்தை மேஜைமேல் வைத்தாள்.

“இதுல கையெழுத்துப் போட்டா தினப் பயிற்சி நின்னுடும். மறுபடி அந்த அரை மணி நேரம்தான். அதுவும் கிடைச்சா. தெரியும்ல?”

“தெரியும். எங்க ஜனங்களோட இருக்கட்டும். அந்த ராட்சசி எங்க குழந்தையைப் பிரிச்சது போதும்.”

“எந்த ராட்சசி?”

“எங்க பழைய தலைமையாசிரியைதான். லிக்டிக்.”

மிஸ் விட்லோ எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தாள்.

“உங்க பொண்ணைப் பத்தி எங்ககிட்ட இருக்குற எல்லாக் காகிதத்தையும் பாக்க உங்களுக்கு உரிமை இருக்கு. பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

சோதனைத் தாள்களுக்குக் கீழே ஒரு கடிதம் இருந்தது. கையால் எழுதியது. ரெய்ஸலை நீக்குவதற்கு ஒரு வாரம் முந்திய தேதி.

‘இந்தக் குழந்தை புத்திசாலி. இங்கேயே இருந்தால் ஆயுசுக்கும் எழுதப் படிக்க வராது. பெற்றோர் தாங்களாக அனுப்ப மாட்டார்கள். அனுப்பினால் ஊர் அவர்களைத்தான் ஏசும். அதனால் நானே நீக்கிவிடுகிறேன்; பழி என்மேல் விழட்டும். நீங்கள் ஓர் இடம் வைத்திருந்தால் போதும். எக்காரணத்தைக் கொண்டும் அவர்களுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் என்னிடம் வந்து கெஞ்சுவார்கள். எனக்கு மனசு இளகிவிடும்.’

ஸிப்போரா இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை எழுத்துகள் கலங்கிக் கலைந்தன.

“அவங்க இப்ப எங்க இருக்காங்க?”

“தெரியாது.”

“இங்க எழுதினாங்களே... உங்ககிட்ட விலாசம் ஏதாவது...”

“இல்லம்மா. போன வாரம் ஒரு அம்மா போன் பண்ணாங்க. பேர் கேட்டேன், சொல்லல. நான் பதில் சொல்லவே கூடாது, ஆனா அவங்க குரல்னு தெரிஞ்சதால சொல்லிட்டேன்.”

“என்ன கேட்டாங்க?”

“‘ரெய்ஸல் இன்னும் அங்கதானே இருக்கா? திரும்பக் கூட்டிட்டுப் போயிடலையே?’ன்னு கேட்டாங்க.”