விட்டுப்போன ஒற்று

கல்லில் எழுத்து என்பது உண்மையில் நிழல்தான். உளியைச் சாய்த்து இரண்டு பக்கமும் செதுக்கினால் நடுவில் பள்ளம் விழுகிறது. சாய்ந்த வெயில் அதில் இருட்டை நிரப்ப, எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது. காலை வெயில் இப்போது சிலுவையையும் டீச்சரின் பெயரையும் தாண்டிக் கடைசி வரிக்கு இறங்குகிறது: ‘எங்களுக்குக் கற்றுகொடுத்தவர்’. கல் செதுக்குபவருக்கு வியர்க்கிறது. நடுவில் ‘க்’ இல்லை. ஏழாம் வகுப்பில் இதே ஒற்றெழுத்தை விட்டுவிட்டு, டீச்சர் சொல்லி நூறு தரம் எழுதியவர் அவர். நாளை டீச்சரின் கல்லறையில் இந்தக் கல்லை நட வேண்டும். கல்லுக்கு ரப்பர் கிடையாது. டீச்சரின் மகள் குனிந்து, அந்த வரியை விரலால் தடவுகிறாள்.

“வேற கல்லு செதுக்கிடறேன்மா. ரெண்டு நாள் மட்டும் பொறுத்துக்கோ.”

“எதுக்குண்ணே? அம்மாகிட்ட படிச்சவர்தான்னு பார்த்ததுமே தெரியுது.” சிரிக்கும்போதே அவள் கண் நிறைகிறது. “ரிட்டயர் ஆகியும் சர்ச்சுல பாட்டுப் புத்தகத்தையே திருத்திட்டிருந்தாங்க. ஒரு பக்கத்தையாவது கிழிச்சாங்களா? கூரை மாதிரி ஒரு கோடு போட்டு, மேல எழுதுவாங்க, அவ்வளவுதான்.”

சாக்பீஸை எடுத்து, ‘று’வுக்கும் ‘கொ’வுக்கும் இடையில், வரிக்கு அடியில் சின்னதாக ஒரு கூரை வரைகிறாள். வரிக்கு மேலே ‘க்’ எழுதுகிறாள்.

“புள்ளிய விட்டுடாதீங்கண்ணே.”

அவர் முதலில் புள்ளியைத்தான் செதுக்குகிறார்.