பண்ணை வீட்டுக் கார்

பிப்ரவரி 18, புதன்.

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். இணைய ஏலத்துக்கு வந்த பழைய காரின் விவரங்களை அம்மாவுக்குத் தமிழில் சொல்லும்போது ஒரு வரியை விட்டுவிட்டேன்.

விட்டுப்போன வரி: வண்டியில் எஞ்சின் இல்லை.

ஏலம் முடியப்போகும் நேரத்தில்தான் அதைப் பார்த்தேன். எதையும் முழுதாகப் படித்துவிட்டு வாயைத் திறக்க வேண்டும் என்று மாலை ஆங்கில வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். கட்டணம் கட்டித்தான் படிக்கிறேன்.

அதற்குள் சம்பா நெல் விற்ற பணத்தை எல்லாம் அம்மா மனத்துக்குள் அந்தக் காருக்கென்று ஒதுக்கிவிட்டாள்.

அது எங்கள் ஊர்ப் பண்ணையாரின் கார். பச்சை நிறச் சீமைக் கார். அவர் குடும்பம் ஊரைவிட்டுப் போனபோது விற்றுவிட்டார்கள். பல கை மாறி இப்போது பாபநாசத்தில் ஒரு ஷெட்டில் நிற்கிறது.

எதற்கு என்று அம்மாவிடம் கேட்டேன். "வேணும்" என்றாள். டிராக்டர் வாங்கியபோதும் இதே பதிலைத்தான் சொன்னாள். ஆனால் டிராக்டரில் எஞ்சின் இருந்தது.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். எதிரே ஒருவர் விலையை ஏற்றினார். அம்மா என் தோளை இடித்தாள். நானும் ஏற்றினேன்.

"எதுக்க நிக்கிறது யாருடி?"

"பேரு போடலம்மா. ஏதோ நம்பர்தான் இருக்கு."

"ஆளு யாருன்னே தெரியாம என்னடி ஏலம்? இது எங்களுக்கு வேணும், விட்டுத்தாங்கன்னு எழுது."

ஊர்க் குளத்து மீன் ஏலத்தில் அம்மா அப்படித்தான் செய்வாள். போட்டிக்கு நிற்பவரை அரசமரத்துப் பக்கம் கூட்டிப்போய்ப் பேசுவாள். அவர் விலகிக்கொள்வார்.

பக்கத்தின் கீழே கருத்து எழுத இடம் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதினேன். இலக்கணம் சரி என்றுதான் நினைக்கிறேன்.

பதில் தமிழில் வந்தது.

எழுதியவர் பண்ணையாரின் பேரன். அது அவருடைய தாத்தாவின் கார். அதில்தான் பள்ளிக்கூடம் போனாராம். ஏலத்தில் எடுத்துக் கையோடு கொண்டுபோகலாம் என்று தஞ்சாவூரில் வந்து தங்கியிருக்கிறாராம். எஞ்சின் இல்லாத வண்டி உங்களுக்கு எதற்கு என்று கடைசியில் கேட்டிருந்தார்.

இந்த முறை ஒரு வரியையும் விடாமல் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். என் தவறு அப்படித்தான் வெளியே வந்தது.

அம்மா என்னைத் திட்டவில்லை.

"ஐப்பசி மழையில அது என்னைக்குடி எஞ்சின்ல போச்சு? சேத்துல மாட்டிக்கும். நடவு நட்டுக்கிட்டு இருக்கிறவங்கள கூப்புடுவாங்க. மெயின் ரோடு வரைக்கும் நாங்கதான் தள்ளுவோம். எனக்குப் பத்து வயசு. உள்ள ஒரு புள்ள பையோட உக்காந்துருக்கும். அது நீங்கதானான்னு கேளு."

கேட்டேன். தமிழிலேயே எழுதினேன்.

பதில் வரவில்லை. விலையும் ஏறவில்லை. திரையில் நேரம் ஓடி முடிந்தது.

மூணு தரம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லாததால் அம்மாவே சொல்லிக்கொண்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பையோடு உட்கார்ந்திருந்தது நான்தான், வண்டியை ஒருமுறை வந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்.

"வரட்டும்" என்றாள் அம்மா.

நாளை செய்ய வேண்டியவை: பாபநாசம் போய்ப் பணம் கட்டி, காரை லாரியில் ஏற்றி வர வேண்டும். லாரி எங்கள் தெருவுக்குள் திரும்பாது. மெயின் ரோட்டிலேயே இறக்கி, வீடுவரை தள்ள வேண்டும். அம்மா உள்ளே உட்கார்ந்து வருவாளாம். தள்ளுவதற்கு ஓர் ஆள் குறைகிறது. பண்ணையார் பேரனைக் காலையிலேயே வரச் சொல்ல வேண்டும்.