பேர் இல்லாத பேட்ஜ்

"புது ஊழியர் எங்கேப்பா?"

மைக்கைப் பொத்திக்கொண்டு சபைச் செயலாளர் பல்லைக் கடித்தார். முன்வரிசையில் போட்டிருந்த நாற்காலி காலி.

இருபது நாட்டுக்காரர்கள் கூடும் கிறிஸ்தவ சபை அது. புதிதாக வருகிறவர்களைக் கவனிக்க ஒரு பெண் ஊழியரை நியமித்திருந்தார்கள். அவரை அறிமுகப்படுத்த மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருந்தார் செயலாளர்.

"அதோ, கடைசி வரிசைல, தூணுக்குப் பின்னால யார்கிட்டயோ பேசிட்டிருக்காங்க," என்றார் பியானோக்காரர்.

முந்நூறு தலைகளும் திரும்பின. செயலாளருக்கு அவமானமாகப் போய்விட்டது. போதகர் என்ன நினைப்பார்?

ஊழியர் ஓட்டமும் நடையுமாக மேடையேறினார். "மன்னிச்சிடுங்க சார்."

"பரவாயில்லம்மா," என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தவர், மைக்கை எட்டப் பிடித்துக்கொண்டு, "முதல் நாளே என் மானத்தை வாங்கிட்டீங்களே!" என்றார்.

பிறகு ஊழியரின் படிப்பு, அனுபவம், தெரிந்த ஐந்து மொழிகள் என்று ஒன்றுவிடாமல் அடுக்கினார். நல்ல கைதட்டல்.

ஊழியர் மைக்கை வாங்கினார்.

"என்னைப் பத்தி இவ்வளவு சொன்னதுக்கு நன்றி. இப்ப பின்னால ஒரு சகோதரியைப் பார்த்தேன். பதினோரு வருஷமா இங்க வர்றாங்களாம். உங்க பேர் என்னம்மான்னு கேட்டேன். சிரிச்சாங்க. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. 'இங்க இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல'ன்னாங்க. அவங்க பேட்ஜ்லகூட பேர் இல்ல."

பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

செயலாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சபையில் அத்தனை பேருக்கும் பேட்ஜ் அச்சடித்துக் கொடுத்தவர் அவர். எந்த நாட்டுப் பேரானாலும் நாக்குப் பிசகாமல் சொல்லுவார். அவர் சபையிலா இந்தக் குறை? மைக்கை வெடுக்கென்று வாங்கினார்.

"வெட்கமா இருக்கு! பக்கத்துல உட்கார்றவங்க பேரைக் கேட்க நமக்கு வாய் வரல! யாரும்மா அந்த சகோதரி? சொல்லுங்க, இப்பவே என் கையால பேட்ஜ் எழுதித் தர்றேன்."

"அப்புறம் பேசிக்கலாம் சார்," ஊழியர் குரலைத் தாழ்த்தினார்.

"மூடி மறைக்கிற வேலையே வேண்டாம். தப்பு பண்ணினவங்க எல்லார் முன்னாடியும் வெட்கப்படட்டும்!"

"தனியா சொல்றேனே சார். ப்ளீஸ்."

"இங்கயே சொல்லுங்க. இப்பவே!"

ஊழியர் அவரைப் பாவமாகப் பார்த்தார். சபைக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, யாருக்கும் தெரியாமல் அவர் உள்ளங்கையில் ஒரு பேட்ஜை வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"புதுசு நான் எழுதிக் குடுத்துட்டேன் சார். இது பழசு."

செயலாளர் விரித்துப் பார்த்தார்.

முந்நூறு பேர் காத்திருந்தார்கள். அவர் மைக்கை மெல்லக் கீழே இறக்கினார். பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்றிருந்தது. கடைசி வரிசைப் பக்கம் நிமிர்ந்து பார்க்க அவருக்கு முகம் இல்லை.

அவரே பார்த்துப் பார்த்து அச்சடித்த கொட்டை எழுத்தில் இருந்தது: 'செயலாளரின் மனைவி'.