சேவியரின் பிளக்

ரெஜினா தன் கிடாருக்கான பெடல் போர்டைத் தானே செய்திருந்தாள். பழைய அலமாரிக் கதவின் மேல், கிடாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் நான்கு பெடல்கள். ஒவ்வொன்றும் டிபன் டப்பாவுக்குள் அவளே பற்றவைத்தது. ஆனால் சுவர் கரண்ட் தர மறுத்தது. பெயர் பதியாத கருவிக்கு இப்போதெல்லாம் எந்த வீட்டுச் சுவரும் கரண்ட் தருவதில்லை. வீட்டில் செய்ததற்கு யார் பெயர் பதிந்து தருவார்கள்?

கடைசியில், கட்டிலடியில் கிடந்த ஆக்சிஜன் மெஷினை இழுத்தாள். கணவர் சேவியர் இறந்த நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. அதன் பிளக்கை வெட்டிப் பெடல் போர்டின் வயரோடு முறுக்கினாள். சுவருக்கு அந்த பிளக்கைத் தெரிந்திருந்தது; அது சேவியர் பெயரில் பதிந்தது. பெடல்களின் விளக்குகள் எரிந்தன.

அவள் வாசிக்கத் தொடங்கிய சற்று நேரத்தில் கோவையிலிருந்து மகள் பிரின்ஸி கூப்பிட்டாள். ரெஜினா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வாசித்துக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, அப்பா மெஷின் ஓடுதுன்னு என் போன்ல காட்டுது. அவர் மூச்சுக் கோடு ஏறி ஏறி இறங்குது.”

ரெஜினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஐயோ, அது நான்தான்டி. கிடாருக்கு அந்த பிளக்கை எடுத்துக்கிட்டேன். நீ இன்னும் அந்த ஆப்பை போன்லேர்ந்து அழிக்கலையா?”

“மனசு வரல.”

“தப்பு பண்ணிட்டேன். இரு, பிடுங்கிடறேன்.”

ரெஜினா கிடாரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள்.

“வேணாம்மா,” என்றாள் பிரின்ஸி. “நீ வாசிக்கிறதை நிறுத்தினதும் கோடு நேராயிடுச்சு. வாசி.”