பதினேழாம் நம்பர் சட்டை

அரங்கத்தில் முப்பதாயிரம் பேர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றார்கள். முன்வரிசையில் லோர்னா கைக்குட்டையை முகத்தில் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"பாவம், இன்னும் மறக்கல பாரு," என்றாள் பின்வரிசை மார்ஜ், ஹாட் டாகைக்கூடக் கடிக்காமல்.

வார்டன்வில் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் பதினேழாம் நம்பர் சட்டையை அரை நூற்றாண்டாக யாருக்கும் கொடுப்பதில்லை. வருஷத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்னால் அந்த நம்பருக்கு ஒரு நிமிட மௌனம். அதைப் போட்டு ஆடியவன் கால் ஒடிந்தும் பந்தோடு நாற்பது கெஜம் ஓடினான் என்பார் முடிதிருத்தும் ராஸ்கோ. போருக்குப் போனவன் திரும்பவில்லை என்பார் பாதிரியார். பெயரைக் கேட்டால் மட்டும் இருவருக்கும் இருமல் வந்துவிடும்.

அவன் லோர்னாவைத்தான் காதலித்தான் என்பதில் எங்கள் தெருவுக்குச் சந்தேகமே இல்லை. அணியின் சலவைக்கூடத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவள், கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? முன்வரிசை இருக்கையும், அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப்பிள் கேக்கும் அந்தக் காதலுக்குச் செய்த மரியாதை.

மறுநாள் காலையில் அவள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர், அணியின் நூறாண்டு வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கும் பேராசிரியர் விட்லாக். இன்னொருவன், அணியில் புதிதாகச் சேர்ந்த டேரியன். வேலியோரம் இலை கூட்டிக்கொண்டிருந்த மார்ஜ் அதற்குப் பிறகு ஒரே இடத்தையே கூட்டினாள்.

"மேடம், எங்கப்பா ஸ்கூல் டீம்ல பதினேழு," என்றான் டேரியன். "போன வருஷம் போயிட்டாரு. எந்த காலேஜ்ல ஆடினாலும் அந்த நம்பரைத்தான் போடுவேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"பழைய பதினேழுக்கு வேண்டியவங்க சம்மதிச்சா தரலாம்னு கோச் சொல்லிட்டார்," என்றார் விட்லாக். "நூறு வருஷத்துப் பதிவேட்டையும் புரட்டியாச்சு, பேரே காணோம். உங்களை விட்டா எனக்கு வேற கதி இல்ல."

"வாயைத் திறந்தா என் முன்வரிசை சீட்டு போயிடுமே, புரொபசர்."

"ஏன் போகுது? புத்தகத்துல உங்களுக்கு ஒரு முழு அத்தியாயமே தரேன்."

லோர்னா டேரியனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பா பேரு என்ன தம்பி?"

"ஆல்வின், மேடம்."

லோர்னா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தாள். அதிலிருந்து கருஞ்சிவப்புக் கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்து மடியில் விரித்தாள். மார்பில் பெரிதாகப் பதினேழு. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கச்சிதமாக இருக்கும்.

மார்ஜ் கூட்டுவதையே நிறுத்திவிட்டாள். விட்லாக்கின் பேனா கீழே விழுந்தது. "குழந்தை வேற இருக்கா, மேடம்?"

லோர்னா கைக்குட்டையை முகத்தில் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. ஆனால் இந்தத் தடவை சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டுவிட்டது.

"நம்பரைத் தம்பிக்கே குடுத்துடுங்க, புரொபசர். அப்படி ஒரு வீரனே கிடையாது, சட்டை காணாமப் போனதாலதான் நம்பர் நின்னுபோச்சு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வெந்நீர்ல போட்டு நான் சுருக்கின சட்டை இது."